டர்போ காரில் ஆயில் சூடு எதுவரை போகலாம்?

கேட்டவர் தேவகோட்டைக்காரர். 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறார், டேஷ்போர்டிலேயே ஆயில் டெம்பரேச்சர் தெரியும். கத்திரி வெயிலில் ஐந்து பேரும் பெட்டி படுக்கையுமாகக் கொடைக்கானல் போயிருக்கிறார்கள். திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம் என்று போகும்வரை 104, 106 என்று நின்ற எண், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது 126 வரை போயிருக்கிறது. கூட வந்த அம்மான் முப்பது வருடம் அம்பாசடர் ஓட்டியவர். "நூறைத் தாண்டிருச்சு, ஓரங்கட்டு, எஞ்சின் சீஸ் ஆகிரும்" என்று சொல்லி இரண்டு இடத்தில் நிறுத்தி, உடனே சாவியைத் திருப்பி ஆஃப் செய்ய வைத்திருக்கிறார். இப்போது கேள்வி மூன்று: 126 ஆபத்தா? கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலுக்கு மாறலாமா? வெளியே தனி ஆயில் கூலர் மாட்டச் சொல்கிறார்களே, மாட்டலாமா?

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நல்ல சிந்தெடிக் ஆயில், சரியான அளவில் இருந்தால் மலையேற்றத்தில் 126 ஆபத்தே இல்லை. அந்தப் பயணத்தில் எஞ்சினுக்குக் கெடுதல் என்று ஏதாவது நடந்திருந்தால் அது அந்த எண்ணால் நடந்ததில்லை. 126-ல் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை இரண்டு முறை பட்டென்று நிறுத்தினீர்களே, அதனால்தான். அம்மானிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

அவர் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அம்பாசடர் காலத்தில் சூடு என்றால் ரேடியேட்டர் தண்ணீரின் சூடு மட்டும்தான். நூறு என்றால் கொதி, ஆவி, கேஸ்கெட் செலவு. ஆயிலுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. எஞ்சின் ஆயில் நூறில் கொதிக்காது. அதன் ஆவி தீப்பற்றக்கூடிய நிலைக்கு வரவே 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். ரேடியேட்டரில் ஓடும் கூலன்டுக்குத் தெர்மோஸ்டாட் என்ற காவல்காரன் உண்டு, ஆகவே அது 90-ஐ ஒட்டியே நிற்கும். ஆயில் அப்படி ஓர் எண்ணில் நிற்காது. எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறதோ, எவ்வளவு சுற்றில் சுற்றுகிறதோ, அதற்குத் தக்கபடி ஏறும், இறங்கும். சமதளத்தில் கூலன்டைவிடப் பத்து டிகிரி கூட இருக்கும், மலையில் முப்பது டிகிரி கூட இருக்கும். அது அதன் இயல்பு.

எண்ணாகவே வேண்டுமென்றால் நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. 90 முதல் 110 வரை ஆயிலுக்கு வீடு மாதிரி, நாள் முழுக்க அங்கேயே இருக்கலாம். நம் ஊர் மே மாதத்தில் ஏசி போட்டு, ஆள் ஏற்றி, நெடுஞ்சாலையில் விரட்டினால் 115 வரும்; சாதாரணம். மலையில் 120 முதல் 130 வரை அரை மணி, முக்கால் மணி ஓடினால் சிந்தெடிக் ஆயில் தாங்கும். 130-ஐத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். 140 வந்தால் பயணத்தை நிதானமாக்கியே ஆக வேண்டும், ஊர் திரும்பியதும் காரணத்தையும் தேட வேண்டும். 150 என்பது ரேஸ் டிராக்கில் சில நிமிடம் பார்க்கும் எண், சாலையில் பார்க்கவே கூடாதது. மினரல் ஆயில் ஊற்றியிருந்தால் இந்த எண் எல்லாவற்றிலும் ஒரு பத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சூடு ஏறினால் ஆயிலுக்கு இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, இளகுகிறது. 30 கிரேடு ஆயில் (5டபிள்யூ-30 என்பதில் பின்னால் வரும் எண்) 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை கெட்டியாக இருக்க வேண்டும் என்பது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் விதி; சென்டிஸ்டோக் என்பது கெட்டித்தன்மையை அளக்கும் அலகு. அதே ஆயில் 120-ல் ஏறக்குறைய ஏழுக்கு இறங்கிவிடும். ஐயோ என்று தோன்றும். ஆனால் இன்றைக்கு வரும் பல எஞ்சின்களுக்குக் கம்பெனியே சொல்லும் 20 கிரேடு ஆயில் 100-லேயே எட்டை ஒட்டித்தான் இருக்கிறது. அதுபோக, ஒரு கிரேடுக்குத் தகுதி பெறவே 150 டிகிரியில், பேரிங்கில் நசுங்கும் நிலையில் எவ்வளவு பிடிமானம் மிஞ்சுகிறது என்று சோதித்துப் பார்க்கிறார்கள். அதாவது உங்கள் 126-ஐத் தாண்டிய நிலைமையை ஆயில் தயாரிப்பாளர்கள் முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது விஷயம் ஆக்சிஜனேற்றம். தோராயமான விதி ஒன்று உண்டு: பத்து டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் இரு மடங்கு. 126-ல் ஒரு மணி நேரம் ஓடியதால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, ஆயிலின் ஆயுளில் கொஞ்சம் போயிருக்கும், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு கொடைக்கானல் என்றால் மறந்துவிடலாம். வாரா வாரம் மலையேறும் டாக்ஸி என்றால் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

சரி, டர்போவுக்கு வருவோம். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. சைலன்ஸருக்குப் போக வேண்டிய புகைதான் அதன் ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெட்ரோல் எஞ்சினில் முழு பாரத்தில் அந்தப் புகை 900 டிகிரியைத் தாண்டும், டீசலில் அதைவிடக் குறைவு. சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். இவ்வளவு வேகத்தில் சுற்றும் தண்டைப் பெரும்பாலான கார்களில் ஒரு பால் பேரிங்கும் தாங்குவதில்லை. வெண்கல வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய ஆயில் படலம்தான் தாங்குகிறது. அதே ஆயில்தான் புகைப் பக்கத்திலிருந்து வரும் சூட்டையும் வாங்கிக்கொண்டு, எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சேம்பருக்கு ஓடுகிறது. நீங்கள் பார்க்கும் 126 சேம்பரிலோ ஃபில்டர் பக்கத்திலோ அளந்த கலவைச் சூடு. டர்போவுக்குள் இருந்து வெளியே வரும் ஆயில் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் வரை கவலையில்லை, ஏனென்றால் ஆயில் அங்கே தங்குவதே இல்லை. வரும், சூட்டை வாங்கும், போகும். எஞ்சினை நிறுத்திய நொடியில் பம்ப் நின்றுவிடுகிறது. டர்பைன், அதாவது புகை சுழற்றும் சக்கரத்தின் பக்கத்து இரும்பு அப்போதும் பழுக்கக் காய்ந்துதான் இருக்கிறது. அந்தச் சூடு தண்டு வழியாக, தண்டைத் தாங்கும் நடுக்கூடான நடுவீட்டுக்கு ஏறி, அங்கே தேங்கி நிற்கும் கொஞ்சூண்டு ஆயிலை வறுக்கிறது. அது கருகிக் கரியாகிறது. ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது. பல தடவை சேர்ந்தால்?

அப்படிப்பட்ட டர்போ ஒன்றைக் கழற்றும்போது பார்த்தால் புரியும். ஆயில் உள்ளே வரும் சின்னக் குழாயின் போல்ட்டைக் கழற்றினால், பணியாரச் சட்டியின் குழியில் வருஷக்கணக்காகப் பிடித்த கருகல் மாதிரி உள்ளே கறுப்பாக ஒட்டியிருக்கும். நகத்தால் கீறினால் செதில் செதிலாக வரும், விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கே இருக்காது. பென்சில் முனை போகவேண்டிய ஓட்டையில் குண்டூசி போகும் அளவுக்குத்தான் வழி மிஞ்சியிருக்கும். அப்புறம் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழுமாக இம்மியளவு ஆட்டம் இருக்கலாம், அந்த ஆயில் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னுமாக இழுத்தால் கைக்குத் தெரியும் அளவுக்கு ஆடுகிறது, சக்கரம் கூட்டில் உரசியிருக்கிறது என்றால் டர்போ போய்விட்டது என்று அர்த்தம். நீல நிறப் புகையும், பிக்கப் குறைவதும், ஆம்புலன்ஸ் சைரன் மாதிரிக் கூவலும் அதற்கு முன்பே எச்சரித்திருக்கும்.

ஆயில் கம்பெனிகள் இந்தக் கருகலுக்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கின்றன. ஆயிலைச் சூடான கம்பியின்மேல் ஓடவிட்டு, 200 டிகிரிக்கும் 480 டிகிரிக்கும் இடையே மாறி மாறிச் சூடேற்றி, எத்தனை மில்லிகிராம் கரி படிகிறது என்று நிறுத்துப் பார்க்கும் சோதனை. எஞ்சினை நிறுத்திய பிறகு உங்கள் டர்போவின் நடுவீடு என்ன பாடுபடும் என்பதற்கு இந்த எண்களே சாட்சி. 126 எங்கே, 480 எங்கே!

இப்போது வரும் பெட்ரோல் டர்போக்களில் பெரும்பாலும் நடுவீட்டைச் சுற்றிக் கூலன்டும் ஓடுகிறது. பல கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் தனி எலெக்ட்ரிக் பம்ப் அந்தக் கூலன்டைச் சுற்றவைக்கும்; முன்னால் ஃபேனும் சில நிமிடம் ஓடும். வண்டி ஆஃப் ஆகியும் ஃபேன் ஓடுதே, பேட்டரி இறங்கிவிடுமோ என்று அதன் வயரைப் பிடுங்கிவிட்ட புண்ணியவான்களும் உண்டு. பிடுங்காதீர்கள். இந்த ஏற்பாடு இருப்பதால் உங்கள் இரண்டு நிறுத்தங்களால் டர்போ போயிருக்காது, பயப்பட வேண்டாம். ஆனாலும் பழக்கம் ஆக்கிக்கொள்ளாதீர்கள். இப்படிக் கூலன்ட் ஓடாத பழைய டீசல் டர்போ என்றால் இன்னும் கவனம் தேவை.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினாலே டர்போ ஆறிவிடும். காரைக்குடிக்குள் நுழைந்து கல்லுக்கட்டிப் பக்கம் நெரிசலில் ஊர்ந்து வீட்டு வாசலுக்கு வருகிறீர்கள் என்றால் தனியாக ஸ்லோவில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓட) விட்டுக் காத்திருக்கத் தேவையே இல்லை. திருச்சியிலிருந்து விரட்டிக்கொண்டு வந்து, லெம்பலக்குடி டோல் பக்கம் டீ குடிக்க நேராகத் திரும்பி நிறுத்துகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் ஒரு நிமிடம் ஸ்லோவில் ஓட விட வேண்டும். மலையேற்றத்தின் நடுவில் என்றால் இரண்டு நிமிடம். அதற்குமேல் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்பதெல்லாம் பெட்ரோல் செலவு.

இன்னொரு பழைய பழக்கமும் நம் பக்கம் இருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்தியதும் ஒரு ரெய்ஸ் கொடுத்து, அந்த உறுமல் அடங்குவதற்குள் ஆஃப் செய்வது. கார்பரேட்டர் வண்டியில் அதற்கு ஏதோ காரணம் சொல்வார்கள். டர்போ வண்டியில் அது வேண்டவே வேண்டாம். தண்டைச் சுழற்றி விட்டுவிட்டு ஆயிலை நிறுத்துகிறீர்கள்.

ஆயில் சூடு மேலே போவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். கீழே நிற்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். செக்காலை ரோட்டில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து கடை, திரும்ப வீடு என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓடும் டர்போ காரின் ஆயில் 70-ஐக்கூடத் தொடாது. கூலன்ட் முள் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும், அதைப் பார்த்து எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆயில் சூடாக அதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சினில், குளிர்ந்த சுவரில் பட்ட பெட்ரோல் கொஞ்சம் ஆயிலோடு கலந்து கீழே இறங்கும். எரிப்பில் உண்டான நீராவியும் சேரும். ஆயில் ஒரு இருபது நிமிடமாவது நூறை ஒட்டி ஓடினால்தான் இவை ஆவியாகி வெளியேறும். இல்லாவிட்டால் அங்கேயே கிடந்து ஆயிலை நீர்த்துப்போக வைக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறியிருந்தால், முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால், இதுதான் காரணம். நம் ஊர் வெயில் இந்த விஷயத்தில் மட்டும் நமக்கு உதவி செய்கிறது. குளிர் நாட்டுக்காரர்களுக்கு இதே தொல்லை பல மடங்கு.

கல்யாண வீட்டு வாசலில் ஏசியைப் போட்டு மணிக்கணக்கில் ஸ்லோவில் ஓட விட்டுத் தூங்கும் டிரைவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, ஆயிலின் வயது ஏறும். ஆகவே கம்பெனி 10,000 அல்லது 15,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும், ஊருக்குள்ளேயே ஓடும் டர்போ பெட்ரோலுக்கு நான் 7,500 என்றுதான் சொல்வேன். கிலோமீட்டர் வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம். வாரத்தில் ஒரு நாள் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டித் திருப்பத்தூர் வரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வாருங்கள். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு.

அதே காரணத்தால், காலையில் எடுத்ததும் மிதிக்கக் கூடாது. உங்கள் காரில் ஆயில் எண் 80 வரும்வரை பாதி ஆக்சிலரேட்டருக்குமேல் வேண்டாம். ஆயில் சூடு காட்டாத கார் என்றால் முதல் பத்து கிலோமீட்டர் சாது. காரின் கம்ப்யூட்டர் தரும் எண்களைப் படிக்கும் ஓபிடி கருவி செருகிப் போனில் பார்க்கலாமே என்பீர்கள். எல்லாக் கார்களும் அந்த எண்ணை வெளியே தருவதில்லை. சில கார்கள் சென்சாரே இல்லாமல் கணக்குப் போட்டுத்தான் காட்டுகின்றன. கூலன்ட் எண் மட்டும் வந்தால் அதை ஆயில் என்று நினைத்துவிடாதீர்கள்.

மலையில் ஓட்டும் முறைக்கு வருகிறேன். எண் 130-ஐ நெருங்கினால் ஒரு கியர் குறைத்து, ஆக்சிலரேட்டரை லேசாக்கி, வேகத்தைக் குறையுங்கள். பெரிய கியரில் 1,500 சுற்றில் முழுக்க மிதித்துக்கொண்டு ஏறுவது சின்ன டர்போ எஞ்சினுக்கு ரொம்பக் கெடுதல். தீப்பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு அந்த நிலையில்தான் வரும். அதைத் தடுக்கும் ஆயில் வேண்டும் என்றுதான் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் 2018-ன் எஸ்என் பிளஸ், 2020-ன் எஸ்பி என்ற ஆயில் தரங்கள் வந்தன. அதற்கும் அடங்காவிட்டால் ஏசியை அணையுங்கள், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் தரும் சூடு நிற்கும். அப்புறமும் ஏறினால் நிழலில் நிறுத்துங்கள், எஞ்சின் ஓடட்டும். எண் 110-க்கு இறங்கிய பிறகு ஆஃப் செய்யுங்கள். கூலன்ட் சிவப்பு விளக்கோ, ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கோ எரிந்தால் கதை வேறு. ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் நிறுத்தித்தான் ஆக வேண்டும், டர்போவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏறியதைவிட இறங்குவதைத்தான் நான் கவனிப்பேன். பெருமாள்மலை தாண்டித் திரும்பி இறங்கும்போது கியரிலேயே விட்டு வந்தால் பத்து நிமிடத்தில் எண் நூறுக்குக் கீழே வர வேண்டும். வந்தால் குளிர்விக்கும் ஏற்பாடு நன்றாக இருக்கிறது. இறக்கத்திலும் 120-ஐ விட்டு நகரவில்லை, அல்லது சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்திலேயே 120 காட்டுகிறது என்றால் எங்கோ கோளாறு. முதலில் டிப்ஸ்டிக் பாருங்கள். நாலு லிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இருந்தால் சூடு ஏறத்தான் செய்யும். அடுத்தது ரேடியேட்டர். நம் பக்கத்துச் செம்மண் புழுதி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போய் அப்பிக்கொள்ளும், வெளியே இருந்து பார்த்தால் முன்பக்கம் பளபளவென்றுதான் இருக்கும். மெதுவான தண்ணீரில் உள்ளிருந்து வெளியே கழுவ வேண்டும். பிரஷர் வாஷ் துப்பாக்கியை நேராகக் காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கிப் போகும், காற்றே போகாது.

மூன்றாவது, தண்ணீர். பல கார்களில் ஆயில் கூலர் என்பது ஃபில்டர் பக்கத்திலேயே கூலன்டும் ஆயிலும் அடுத்தடுத்த அடுக்கில் ஓடும் சின்னப் பெட்டி. கூலன்ட் குறைந்தது என்று போர் தண்ணீரை ஊற்றிவிட்டால் அந்தச் சின்ன வழிகளில் உப்புப் படியும், ஆயில் சூடு ஏறும், கூலன்ட் முள் அப்போதும் நடுவிலேயே நிற்கும். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், அதையும் ரேடியேட்டருக்குக் காட்டாதீர்கள். கையேட்டில் சொன்ன கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், வேறொன்றும் வேண்டாம்.

20டபிள்யூ-50 வேண்டாம். அம்பாசடருக்கு அது பொருந்தியது, ஏனென்றால் அந்த எஞ்சினின் இடைவெளிகள் அப்படி. உங்கள் எஞ்சினில் வால்வு நேரத்தை மாற்றும் கருவி, செயினை இறுக்கும் கருவி எல்லாம் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்பவை, மெல்லிய ஆயிலை மனதில் வைத்து அமைத்தவை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேர நேரமும் ஆகும். கெட்டி ஆயில் உராய்வில் தானே அதிகச் சூடாகும் என்பது இன்னொரு வேடிக்கை. கையேட்டில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் போட்டிருந்தால், அடிக்கடி மலையேறுபவர் 40-ஐ எடுத்துக்கொள்ளலாம். 30 மட்டும் என்றால் 30. எண்ணைவிட, கம்பெனி கேட்கும் தரக்குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ் 6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், சாம்பல் அதிகமுள்ள பழைய ஆயில் புகை வடிகட்டியை அடைத்துவிடும்.

தனி ஆயில் கூலர் கேள்விக்கு என் பதில், தேவையில்லை. டிராக்கில் ஓட்டுபவர், எஞ்சின் சக்தியைக் கூட்ட ரீமேப் செய்தவர் மாட்டட்டும். வீட்டுக் காரில் அது புதிதாக நாலு ஹோஸ் இணைப்பு, நாலு கசிவுக்கான இடம், வாரன்டியில் ஒரு தகராறு. தெர்மோஸ்டாட் இல்லாத மலிவான கிட் என்றால் காரைக்குடிக்குள் ஆயிலைச் சூடாகவே விடாது. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே செலவழித்து, முன்பக்க பம்பரைக் கழற்றி ரேடியேட்டரையும் கண்டென்சரையும் பிரித்துக் கழுவச் சொல்லுங்கள். கழுவும்போது பக்கத்தில் நின்று, வரும் தண்ணீர் எவ்வளவு நேரம் சிவப்பாக வருகிறது என்று பாருங்கள். தெளிந்த பிறகு நிறுத்தச் சொன்னால் போதும்.